இமை இறங்கிய முகம்

அந்தப் பக்கம் பார்க்காதீர்கள் அக்கா. நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நீலச் சட்டையில் நிற்கிறாரே, அவர்தான். நாயகம். காலையிலிருந்து அந்தச் சுவரையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். உள்ளே இருப்பது அவருடைய அம்மா, ஆவுடையம்மாள். எனக்கு மாமியாராக வரவேண்டியவர். இனி அது நடக்குமா என்று அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் முடிவாக வேண்டும்.

நீங்கள் காலையில் பிஸ்கட் நீட்டியபோது நான் வாங்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பசியில்லை அக்கா என்று சொல்லத்தான் நினைத்தேன். புது ஆட்களிடம் பேசுவதற்கு முன்னால் எனக்கு மனதுக்குள் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். அதற்குள் அவர்கள் கையை மடக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது எப்படி இவ்வளவு பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் குணமாகி நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், என்னை மறுபடி பார்க்கப்போவதில்லை. அதனால் இருக்கலாம்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். இங்கே யாரும் என் பக்கம் கேட்கவில்லை.

நான் சென்னையில் ஓவியம் படித்தேன். வரைவது மட்டும் இல்லை, பழைய ஓவியங்களின் வரலாறும். எம்.ஏ.வுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். மற்றவர்கள் கோபுரம், தேர்ச்சிற்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது திமிர். பழைய ஓவியங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இளக்காரமாகப் பார்ப்பதை எப்படி வரைந்தார்கள் என்பது. பேராசிரியர் சிரித்துவிட்டார். "வாயே திறக்காத பிள்ளை நீ. நீ திமிரைப் பத்தி எழுதப்போறியா?" என்றார். வாயைத் திறக்காதவர்களுக்குத்தான் அக்கா அது தெரியும். பேசுகிறவர்கள் அடுத்தவர் எப்போது நிறுத்துவார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு முகம் முழுக்கத் தெரியும்.

எத்தனை முகங்கள் பார்த்திருப்பேன். பல்லக்கில் சாய்ந்து ஹூக்கா பிடிக்கிற கிழக்கிந்தியக் கம்பெனி துரை. சீமை அச்சுப்படங்களில், தலைக்கு மேல் இன்னொரு தலை உயரத்துக்கு முடியை ஏற்றிக்கொண்டு, பூ விற்கிறவளைக் கைப்பிடி வைத்த மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்க்கிற சீமாட்டி. ஒரு பழைய ஜமீன் மாளிகைச் சுவருக்கு நேரிலேயே போனேன். வௌவால் எச்சத்துக்கு நடுவில் நின்று பார்த்தேன். ஜமீன்தார் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் எச்சில் படிக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன் முகத்தில்தான் அவ்வளவு திமிர். வரைந்தவனுக்கு அவனிடம் ஏதோ பட்டிருக்கிறது.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. எந்த நாட்டுக்காரன் வரைந்தாலும் அடையாளம் மாறுவதில்லை. முகவாய் மேலே ஏறும். இமை பாதி இறங்கும். பார்வை மூக்கின் மேல் வழுக்கிக்கொண்டு கீழே இருக்கிறவன்மேல் விழும். உதட்டில் சிரிப்பு என்று ஒன்று இருக்கும், ஆனால் அது சிரிப்பாக இருக்காது. கை மணிக்கட்டில் துவண்டு தொங்கும். நெற்றி மட்டும் வழவழவென்று இருக்கும். கவலைப்படுகிறவனுக்குத்தானே சுருக்கம். இதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

ஏன் சொல்கிறேன் என்றால், முகம் பார்க்கத் தெரியாதவள் நான் இல்லை. அதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அவர்களுக்கு சங்கரன்கோவில், ரைஸ்மில் வைத்திருக்கிறார்கள். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொண்டோம். பிடிக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்தவர்கள் மாதிரியே கலைந்துபோய்விடலாம், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் அவர்கள் வந்தார்கள். ஆவுடையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பேரு என்ன தாயி?"

"செண்பகவல்லி" என்றேன். என்றேனா, வாய் அசைந்தது.

"இந்த அம்மன் பேரையே வச்சுட்டாங்களா. அப்ப நான் உன்னையத் திட்டணும்னா கன்னத்துல போட்டுக்கிட்டுல்ல திட்டணும்" என்று சிரித்தார். கண் முழுக்கத் திறந்திருந்தது. நல்ல பெரிய கண். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சந்தோஷத்தில்.

அன்றைக்கே நல்ல நாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூ வைத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வந்தார்கள். எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. முனையிலிருந்து நடந்து வந்தார்கள். ஆவுடையம்மாள் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துதான் நின்றேன். எனக்கு நாலு பேர் நடுவில் நிமிர வராது. ஆனால் எதிரே ஷோகேஸ் கண்ணாடி இருந்தது. அதில் பார்த்தேன்.

காலையில் பார்த்த முகம் இல்லை அக்கா. முகவாய் ஏறியிருந்தது. இமை பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாக எங்கள் வீட்டைப் பார்த்தார். பின்பக்கத்து ஓட்டுக்கூரையை, சுவரில் ஈரம் ஏறின இடத்தை, அம்மா கொண்டுவந்து வைத்த கேசரியை. இரண்டு வாய் மென்றார், மெல்லவே முடியாததுபோல. தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "போதும்" என்றார், மூக்கால். சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். பல் தெரிந்தது. நான் அச்சுப்படங்களில் பார்த்த அதே பல்.

அதுகூடப் போகட்டும். பூ வைப்பது மாமியார்தான் வைக்க வேண்டும், உங்கள் பக்கமும் அப்படித்தானே. மல்லிகையைக் கையில் எடுத்தார். என் தலைக்குக் கிட்டே வரைக்கும் கை வந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கிவிட்டது. "நீ வச்சுவிடு பேச்சி" என்று தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டார். எங்கள் அம்மா முகம் செத்துவிட்டது. தெருவே நின்று பார்க்கிறது. நான் காலையில்தான் தலைக்குக் குளித்திருந்தேன்.

கோயிலில் பிடித்திருந்தது, வீட்டைப் பார்த்ததும் பிடிக்காமல் போய்விட்டது. வேறு என்ன நினைக்க முடியும், நீங்கள் சொல்லுங்கள்.

அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், நாயகம் மட்டும் இல்லை என்றால். போனில் நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார். 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்கமாட்டார். பின்னால் மில் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் சொல்ல நினைத்ததை மனதுக்குள் சரிபண்ணி முடிக்கிறவரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் வாழ்க்கையில் எனக்காக அப்படிக் காத்திருந்தவர் வேறு யாரும் இல்லை அக்கா. எங்கள் அம்மாகூட "சொல்லித் தொலையேன்" என்பாள்.

அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

முகூர்த்தப் பட்டு எடுக்கத் திருநெல்வேலிக்கு வந்தோம். அதுவும் சாயங்காலம்தான். கடையில் அவருக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார்கள். புடவையைக் கையால் தொடவில்லை. முகவாயால் காட்டினார், அது, அந்தப் பச்சை. கடைப் பெண்கள் விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஒரு அரக்குப் பட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடிச்சதை அவளே எடுத்துக்கிடட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டார் அக்கா. மகனுக்கு வரப்போகிறவள் முகூர்த்தப் புடவை எடுக்கிறாள், அவர் பார்க்கக்கூட இல்லை. ஒரு கடைப் பெண் இன்னொருத்தியிடம் "மகாராணி அசந்துட்டாகளா?" என்றாள். நான் காதால் கேட்டேன். அப்படித் தோன்றியது எனக்கு மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து வரைந்தேன். வேறு என்ன செய்ய? திட்ட எனக்கு வராது, அழுதால் அம்மா ஏன் என்று கேட்பாள். கம்பெனி ஓவியங்களின் பாணியில், பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பிய முகம். நாற்காலியைப் பல்லக்காக்கினேன். காலடியில் புடவைக் குவியல், விசிறி பிடிக்க இரண்டு பேர், தூரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு பெண். கீழே 'பட்டு மகாராணி' என்று எழுதினேன். என்னோடு படித்த ரெபேக்கா இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள், நாங்கள் வரைவதைப் போடுவதற்கு. அவளுக்கு அனுப்பினேன். பெயர் போடாதே என்றேன். அவள் என் பெயரைப் போடவில்லை.

ஆனால் படத்தில் இருப்பவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. தாடைக்குக் கீழே மச்சம், எட்டுக்கல் மூக்குத்தி, தாலிச் செயினில் தொங்குகிற ஊக்கு, எல்லாம் இருந்தது. "யாருன்னு தெரியாத மாதிரி போட்டிருக்கலாமேம்மா" என்று அப்பா பின்னால் கேட்டார். அப்படிப் போட்டால் அது படமா? ஒன்று சொல்கிறேன், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், சாயல் அப்படியே வந்திருந்தது. நான் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னால் வரைந்ததே இல்லை.

நெற்றிச் சுருக்கம்கூடப் போட்டிருந்தேன். வரையும்போதே அது எனக்கு இடித்தது. திமிர் முகத்தில் நெற்றி சுருங்காது என்று சொன்னேனே. இவருக்கு நெற்றியில் வரிவரியாக இருந்தது, புருவம் ரொம்பப் பாடுபட்டு எதையோ தூக்குகிற மாதிரி. அந்த முகத்துக்கு அது பொருந்தவே இல்லை. எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பார்த்ததைப் போடாமல் இருக்க என் கைக்கு வராது.

ஊர் ஊராகப் போய்விட்டது. யார் யாரோ தங்கள் மாமியார் பெயரை எழுதிச் சிரித்தார்கள். சங்கரன்கோவிலுக்கும் போனது. பேச்சியம்மாள் போனில் வந்து, அவர் நாயகத்துக்குக் காட்டி, நாயகம் என்னைக் கூப்பிட்டார்.

"இது எங்க அம்மாவா?"

நான் பேசவில்லை. பேசத்தான் நினைத்தேன். பூ வைத்த கதையிலிருந்து ஆரம்பிப்பதா, புடவைக் கடையிலிருந்து ஆரம்பிப்பதா என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மில் சத்தம் கேட்டது. எப்போதும்போலக் காத்திருப்பார் என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லு செண்பகம். இல்லைன்னாவது சொல்லு."

சொல்ல வாயெடுக்கும்போது வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேச்சியம்மாள் வழியாகத்தான் எனக்கு ஒன்று தெரியவந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆவுடையம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாராம் தெரியுமா? "எனக்கு அன்னைக்கே தெரியும்டா. அந்தப் பிள்ளை நம்மளை நிமிர்ந்துகூடப் பாக்கல. வாயத் திறந்து ஒரு வாங்க சொல்லல. கண்ணாடியில பாத்துக்கிட்டு நின்னா. படிச்ச திமிரு." என்னைச் சொல்கிறார் அக்கா. என்னை. பஸ்ஸில் நிறுத்தம் வந்தால் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரைக்கும் போகிறவள் நான். என் முகத்தில் திமிராம். முகம் பார்க்கத் தெரியாதவர்கள் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

பேச்சியம்மாளுக்கு ஒரு மகள், உலகம்மை. டாக்டருக்குப் படித்தவள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். நாயகத்துக்கு மாமன் மகள். முறைப்பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் இல்லையென்றால் திட்டினார்கள். அவள் மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு அவள் அம்மாவைப் போனில் கூப்பிட்டாளாம். "அத்தைக்கு ஒரு இமை இன்னொன்னைவிட அதிகமா இறங்கியிருக்கே, நேர்லயும் அப்படித்தானா? தலையைச் சாய்ச்சுத்தான் பாக்காங்களா? நெத்தி இப்படிச் சுருங்குதா? காலையில நல்லா இருந்து சாயங்காலம் ஆனா இப்படி ஆகுதா?" எல்லாவற்றுக்கும் ஆமாம். இமை விழுந்து கண்ணை மறைப்பதால் தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியால் இமையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். தசைகள் பொழுது போகப் போகச் சோர்ந்துபோகிற நோயாம். இமை, தாடை, தொண்டை, தோள். வீட்டில் யாருக்கும் தெரியாது. வயசாகிறது என்று கண்ணாடி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே கூட்டிவந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். அது பிடிப்பதற்குள் சளி பிடித்துக்கொண்டது. விழுங்க முடியவில்லை, பிறகு மூச்சும் முடியவில்லை. இப்போது குழாய் போட்டிருக்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். என் படம் இல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பெற்ற மகன் தினமும் பார்க்கிறார், அவருக்குத் தெரியவில்லை. தம்பி மனைவி கையில் பூவைக் கொடுத்தபோது அவளுக்குத் தெரியவில்லை. என் கை போட்ட கோட்டைப் பார்த்துத்தான் ஒரு டாக்டருக்குத் தெரிந்தது. அதைத்தான் காலையில் வந்ததும் நாயகத்திடம் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சரிபண்ணி வைத்திருந்தேன், தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நெத்தியில இருக்கிற கோடு வரைக்கும் பாத்திருக்க. என்ன செய்யுது அத்தைன்னு ஒரு தடவை கேட்டியா?"

அவ்வளவுதான். போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? நிமிர வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு அப்படியா?

சரி, நோய்தான். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோய் இமைக்குத்தானே? இமைக்குப் பின்னால் ஒரு பார்வை இருந்ததே, எங்கள் சுவரின் ஈரத்தைப் பார்த்ததே, அதுவும் நோயா? நூறு முகம் பார்த்து எழுதினேன் நான். அதில் எத்தனை பேருக்கு என்ன இருந்ததோ, பல்லக்கில் இருந்தவனுக்கு என்ன வலித்ததோ என்று யோசித்தால், பிறகு நான் படித்தது எல்லாம்... வேண்டாம். அதை இப்போது யோசிக்க முடியாது. ஏதாவது ஒன்று உறுதியாக இருக்க வேண்டும் இல்லையா. கொஞ்சமாவது இளக்காரம் இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும் அக்கா. இல்லையென்றால் நான் என்ன வரைந்தேன்?

இருங்கள். இங்கேதான் வருகிறார். என்னோடு பேசிக்கொண்டிருந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

போய்விட்டார். கேட்டீர்களா, உங்களுக்குக் கேட்டதா? அம்மா கூப்பிடுகிறாராம். என்னை. பேச முடியாது அல்லவா, ஒரு கையை விரித்து அதன்மேல் இன்னொரு கை விரலால் கோடு இழுத்து இழுத்துக் காட்டினாராம். முதலில் பேனா கேட்கிறார் என்று நினைத்து நர்ஸ் கொண்டுவந்தார்களாம். வேண்டாம் என்று தள்ளிவிட்டு மறுபடி கோடு இழுத்தாராம். வரைகிறவளைக் கேட்கிறார் என்று அப்புறம்தான் புரிந்ததாம். நான் வந்திருப்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. எதற்கு என்று இவருக்கும் தெரியவில்லை. "அஞ்சு நிமிஷம்தான் விடுவாங்க" என்கிறார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். விளக்கம் எதுவும் சொல்லாத. இமை தானா நிக்காது, நர்ஸ் விரலால தூக்கிப் பிடிச்சுக்கிடுவாங்க. அம்மா உன் முகத்தை மட்டும் பாப்பாங்க. பாத்துட்டு அவங்க கையால என்ன காட்டுறாங்களோ அதுதான் முடிவு."

நான் வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன் அக்கா. முகத்தைத் தயார் பண்ணவில்லை.

சிரிக்க வேண்டுமா? குழாய் போட்டிருப்பவர் முன்னால் சிரித்தால் என்ன நினைப்பார்? அழலாமா? அழுகை எனக்கு யார் முன்னாலும் வந்ததில்லை. உதடு இறுகிக்கொள்ளும், கண் தாழ்ந்துகொள்ளும், அவ்வளவுதான். குனியக் கூடாது. குனிந்தால் அன்றைக்கு நின்ற மாதிரியே ஆகிவிடும். நிமிர்ந்தால் முகவாய் எவ்வளவு ஏற வேண்டும்? இமையை எங்கே வைத்துக்கொள்வது? ஊரில் உள்ள முகத்தையெல்லாம் பார்த்தேன், என் முகம் வெளியே எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கதவைத் திறக்கிறார்கள். செருப்பை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

அக்கா, என்னைக் கொஞ்சம் பாருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், என்னைப் பாருங்கள். நீங்கள் என் பிஸ்கட் கதையை மறந்துவிடுங்கள், என்னை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். இப்போது, இந்த முகத்தில், உங்களுக்கு என்ன தெரிகிறது?